பழி சுமந்த பொடி



வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், தெருமுனைத் தள்ளுவண்டி அருகே சற்று நின்று பாருங்கள். வாணலியிலே சோறு புரள்கிறது, கரண்டி ஓசையிடுகிறது, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி விழுகிறது. உடனே பக்கத்தில் நிற்பவர் பதறுகிறார்: "ஐயையோ, அஜினோமோட்டோ! விஷமாயிற்றே அது!" யார் சொன்னது என்று கேளுங்கள். "எல்லோரும்தான் சொல்கிறார்கள்" என்பார்.

எல்லோரும் சொல்கிறார்கள்! இந்த ஒரே சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பொய்கள் நாட்டிலே நடமாடியிருக்கின்றன! சொன்னவர் யார், எதைக் கொண்டு சொன்னார் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இதையும் கேட்போமே!

1908ஆம் ஆண்டு, டோக்கியோவில் இகேடா என்ற வேதியியல் பேராசிரியர், கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் தேடினார். அகப்பட்டது குளுட்டாமிக் அமிலம். இனிப்பல்ல, புளிப்பல்ல, உப்பல்ல, கசப்பல்ல. அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அந்த அமிலத்தின் சோடிய உப்புத்தான் மறு ஆண்டே அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்த பொடி. அதே குளுட்டாமேட் தக்காளியிலே இருக்கிறது, பாலாடைக்கட்டியிலே இருக்கிறது. ஏன், தாய்ப்பாலிலேயே தாராளமாக இருக்கிறது! தக்காளியிலிருந்து வந்ததா டப்பாவிலிருந்து வந்ததா என்று குடல் விசாரிப்பதில்லை. வந்ததில் பெரும்பகுதியைத் தானே எரித்துத் தீர்த்துவிடுகிறது.

பின் பழி எங்கே பிறந்தது? அமெரிக்காவிலே, 1968இல். சீனத்திலிருந்து குடியேறிய குவோக் என்ற மருத்துவர், புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றுக்குக் கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது. சோயா சாறா, சமையல் மதுவா, அதிக உப்பா, இந்தப் பொடியா, எது காரணம்? அவர் கேட்டது கேள்வி! ஏடு சூட்டிய தலைப்போ 'சீன உணவக நோய்'! கேள்வி காற்றோடு போயிற்று, தலைப்பு நிலைத்துவிட்டது. அமெரிக்க ஆலைகளின் டப்பா சூப்பிலும் அதே பொடி இருந்தது. அதைக் குடித்தவர் எவரும் 'அமெரிக்க ஆலை நோய்' என்று ஒரு நோய்க்குப் பெயர் வைக்கவில்லை! ஏழைக் குடியேறியவனின் அடுப்புத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

மறு ஆண்டு ஆல்னி என்ற ஆராய்ச்சியாளர், பிறந்த எலிக்குஞ்சுகளின் தோலடியிலே இதை ஊசியால் செலுத்தினார்; மூளை பழுதுபட்டது. பொய்யல்ல. ஆனால், உடல் எடையில் கிலோவுக்கு நான்கு கிராம் வரை ஏற்றிய ஊசியும், சோற்றோடு சேரும் சிட்டிகையும் ஒன்றாகுமா?

மனிதர்களிடமும் சோதித்தார்கள். "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று தாமே சொன்ன 130 பேருக்கு, எதில் பொடி, எதில் வெறும் பானம் என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. எல்லாச் சுற்றிலும் ஒரே விதமாகத் துன்பப்பட்டவர் இருவர்! உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது அதுவும் நிலைக்கவில்லை.

அதற்காக அள்ளிக் கொட்டலாம் என்று சொல்ல நான் அந்தக் கம்பெனியின் முகவரல்ல. வெறும் வயிற்றில் மூன்று கிராமும் அதற்கு மேலும் தின்றால், சிலருக்குத் தலைவலியும் மரப்பும் சிறிது நேரம் வரலாம் என்று 1995இல் அமெரிக்க அரசு கேட்டுப் பெற்ற அறிக்கை கூறுகிறது. ஒரு வேளை உணவில் சாதாரணமாகச் சேருவது அரை கிராமுக்கும் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் வரம்பே விதித்தது: கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். அறுபது கிலோ தொழிலாளிக்கு 1.8 கிராம். உண்டபின் உடம்பு படுத்தினால் ஒதுக்கிவிடுங்கள், யார் தடுத்தார்கள்?

ஆனால் சோடியக் கணக்கையும் பாருங்கள். அஜினோமோட்டோவில் சோடியம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. சாதாரண உப்பிலே முப்பத்தொன்பது! இரத்த அழுத்தத்தை ஏற்றி, இதயத்தையும் மூளையையும் தாக்குவதற்கு வழிசெய்வது மிகுதியான உப்பு என்பதிலே மருத்துவர்களுக்குள் சண்டை இல்லை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் என்று காலையிலிருந்தே நாம் அந்தக் கணக்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறோம்.

சிட்டிகைப் பொடியைக் கண்டு அலறினாரே அந்த நண்பர், அவர் தட்டு வந்ததும் ருசிகூடப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, கொஞ்சம் உப்புப் போடு!"