மாநகராட்சி அறிவிப்பும் நாமும்

நாளேட்டைக் கையில் எடுத்தவுடன் நம் கண் முதலில் எங்கே செல்கிறது? பெரிய எழுத்துச் செய்தியின்மேல் செல்கிறது. அடுத்து விளையாட்டுப் பக்கத்திற்கு. அதன்பின் திரைப்பட விளம்பரத்திற்கு. உள்பக்கத்தின் ஒரு மூலையில், சிறிய எழுத்தில், கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு இருக்கும். "குழாய் இணைப்புப் பணி நடைபெறுவதால் கீழ்க்கண்ட பகுதிகளில் இரண்டு நாட்களுக்குக் குடிநீர் வழங்கப்படமாட்டாது" என்று அதில் கண்டிருக்கும். அதைப் படிப்பவர் மிகச் சிலரே. மறுநாள் காலையில் குழாயைத் திறந்து, நீருக்குப் பதில் காற்று வரும்போது, "முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வீடு முழுவதும் குரல் எழும். இன்று இத்தகைய அறிவிப்புகள் கைப்பேசியிலும் வந்து சேருகின்றன. ஆயினும் படிப்பவர் தொகை பெருகிவிட்டதாகத் தெரியவில்லை.

மாநகராட்சி அறிவிப்பு என்பது யாது? அது அரசு நமக்குக் காட்டும் தயவு அன்று. நாம் செலுத்தும் வரிக்கு நம்மிடம் ஒப்புவிக்கப்படும் கணக்கு. கணக்கை ஒப்புவிப்பது அவர்கள் கடமை. அதைப் படித்து, பொருள் உணர்ந்து, வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பது நம் கடமை. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி நகரம் நன்கு நடவாது. நம் சென்னை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

மாநகராட்சியின் வரலாறு

இந்தியாவின் மாநகராட்சிகளுள் மூத்தது சென்னை மாநகராட்சி. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1687 டிசம்பரில் வழங்கிய பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று அது தொடங்கப்பெற்றது. நதானியேல் ஹிக்கின்சன் என்பவர் முதல் மேயர். ஊராட்சி ஊர்மக்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்னும் கருத்துக்கு இந்நாட்டில் வலுவூட்டியது, 1882இல் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தீர்மானம். அவர் பெயர் தாங்கிய வெண்ணிற மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு அருகில் அதனை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

மன்றத்தின் தீர்மானப் புத்தகம் வறண்ட ஏடு என்று நினைக்க வேண்டா. 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைவளித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது என்பது நிபந்தனை. அன்றைக்கு அது ஒரு சிறு அறிவிப்புத்தான். பிற்காலத்தில் தமிழகமெங்கும் பரவிய பள்ளி உணவுத் திட்டங்களின் முன்னோடியாக அது இன்று போற்றப்படுகிறது.

யாரிடம் எதைக் கேட்பது?

பொதுமக்களின் முறையீடு பல வேளைகளில் பயனற்றுப் போவதற்குக் காரணம், அது தவறான அலுவலகத்திற்குச் செல்வதே. குப்பை அகற்றுதல், தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், கொசு ஒழிப்பு, பூங்கா, விளையாட்டுத்திடல், மாநகராட்சிப் பள்ளிகள், பிறப்பு இறப்புப் பதிவு, மழைநீர் வடிகால் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இவ்வாரியம் 1978இல் தனிச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. மின்சாரமும் பேருந்தும் வேறு நிறுவனங்களின் கையில் உள்ளன.

மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் ஒன்று எனப் பலர் எண்ணுகின்றனர். அவை வேறு வேறு. தெருவோரமாகச் செல்லும் மழைநீர் வடிகால், வானத்திலிருந்து விழுந்த நீரைக் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. இடையில் சுத்திகரிப்பு எதுவும் இல்லை. பாதாளச் சாக்கடை, வீட்டுக் கழிவுநீரைக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டு செல்கிறது. வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்தால், அது நேரே ஆற்றில் கலக்கும். குப்பையை வடிகாலில் தள்ளினால், ஐப்பசி மழையன்று தெருநீர் நம் வீட்டு வாசற்படி ஏறும். பருவமழைக்கு முன் "வடிகால் தூர்வாரும் பணி" என்று வரும் அறிவிப்பின் முக்கியத்துவம் இதுவே.

எண்களின் பொருள்

ஏரிகளின் நீர் இருப்பைப் பற்றிய அறிவிப்பில் "மில்லியன் கன அடி" என்றும் "டி.எம்.சி." என்றும் வரும். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2 கோடியே 83 இலட்சம் லிட்டர். ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தது ஒரு டி.எம்.சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. 2019 ஜூன் மாதத்தில் இந்த நான்கிலும் இருந்த நீர், கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வாண்டு ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர் ஏற்றிக்கொண்டு முதல் இரயில் வில்லிவாக்கம் வந்தடைந்தது.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. பள்ளிக்குப் புறப்பட வேண்டிய பெண்பிள்ளைகளும் அவ்வரிசையில் நின்றனர். ஏரிக் கணக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே குறைவாக இருப்பதைக் காணும் குடும்பம், கோடைக்கு முன்பே சிக்கனத்தைத் தொடங்க முடியும். வீட்டு மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூய்மை செய்து வைக்கவும் முடியும். அத்தகைய அமைப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டுமென 2003லேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அது இருக்கிறது. ஆனால் மண் அடைந்து கிடக்கிறது.

வெள்ள காலத்தில் வேறோர் எண் வரும். "ஏரியிலிருந்து விநாடிக்கு 1,000 கன அடி உபரி நீர் திறக்கப்படுகிறது" என்று அறிவிப்பார்கள். அதன் பொருள், ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 28,300 லிட்டர் என்பதாகும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. லிட்டர் கணக்கில் விநாடிக்கு எட்டு இலட்சத்திற்கும் மேல்! ஆயிரம் என்ற எண் மூவாயிரமாகவும், மூவாயிரம் பத்தாயிரமாகவும் ஏறும்போது, அடையாற்றங்கரையில் குடியிருப்போர் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மேட்டிடம் செல்ல வேண்டும். இவ்வெண்ணின் பொருள் அறியாதவர், வெள்ளம் கட்டிலைத் தொடும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவர். அறிவிப்பைக் கொடுப்போரும் வெறும் எண்ணோடு நில்லாமல், எந்தெந்தத் தெருவினர் எப்போது வெளியேற வேண்டும் என்பதைத் தெளிவான தமிழில் சொல்லுதல் வேண்டும்.

குப்பையும் ஓர் உயிரும்

சென்னையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் குப்பை சேர்கிறது. பல்லாண்டுகளாக அது கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலைபோல் குவிக்கப்பட்டது. அவ்விடங்களைச் சுற்றி வாழும் மக்கள் நம் வீட்டுக் குப்பையின் புகையையும் நாற்றத்தையும் சுவாசித்தனர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை எனப் பிரித்துத் தரும்படி கூறின. காய்கறித் தோலும் மீந்த சோறும் உரமாகும். காகிதமும் பாட்டிலும் மறுபயனுக்குச் செல்லும். மூன்றையும் ஒரே பையில் கட்டி வீசினால், எதுவும் எதற்கும் உதவாது. உடைந்த கண்ணாடியைப் பொட்டலம் கட்டாமல் போட்டால், குப்பை பிரிக்கும் அம்மாவின் விரல் அறுபடும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கழிவறையில் துணி, பஞ்சு, பிளாஸ்டிக் உறை முதலியவற்றைப் போடுவதால் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்கிறது. அடைப்பை நீக்க ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்கினால், அங்குள்ள நச்சுக்காற்று சில நொடிகளில் அவர் உயிரைப் பறித்துவிடும். தக்க பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்து, தண்டனையும் விதித்திருக்கிறது. இவ்வாறு இறப்போர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, மரணங்கள் நின்றபாடில்லை என்பதற்குச் சான்று. ஆதலின் அடைப்பு ஏற்பட்டால், "யாராவது ஆளைக் கூட்டி வந்து இறக்குங்கள்" என்று எந்த வீட்டிலும் சொல்லலாகாது. வாரியத்திற்குத் தெரிவித்து இயந்திரத்தை வரவழைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் மறந்தாலும் பெண்மக்களாகிய நாம் இதனை எடுத்துச் சொல்லலாம்.

பணம் யாருடையது?

பூங்கா திறந்தாலும் சாலை போட்டாலும், "அரசு கொடுத்தது" என்கிறோம். அரசின் பணம் எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கு இருமுறை நம் பெற்றோர் செலுத்தும் சொத்து வரி மாநகராட்சியின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. அத்துடன் பத்து சதவீதம் நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் நாட்டிலேயே முன்னோடியானது. நூலக வரி அச்சட்டத்தின்வழி வந்ததே. நம் தெருமுனை நூலகத்தில் நாம் விரும்பும் புத்தகம் இல்லையெனில், அதைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அதற்கு நம் வீடு முன்பே பணம் கட்டிவிட்டது. ஆண்டுதோறும் மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வைக்கப்படுகிறது. அதில் நம் வட்டத்திற்கு என்ன சொல்லப்பட்டது என்று குறித்து வைத்து, ஆண்டு இறுதியில் ஒப்பிட்டுப் பார்ப்பது குடிமையியல் பாடத்திற்கு நல்ல பயிற்சி.

கேட்பதற்கு ஆள் வேண்டும்

கணக்குக் கேட்க மக்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். சென்னை மாநகராட்சி மன்றம் 1973 இறுதியில் கலைக்கப்பட்டது. மறுதேர்தல் 1996இல்தான் நடந்தது. அதாவது ஒரு பெண் பிறந்து, படித்து, பட்டம் பெற்று, மணமாகும் வயது வரை, அவள் தெருவுக்கு ஒரு மன்ற உறுப்பினர் இல்லை! மீண்டும் 2016 முதல் 2022 வரை இதே நிலை. உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டுமென்பது, 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் கட்டளை என்பதை நாம் மறக்கலாகாது.

2022 பிப்ரவரி 19 அன்று 200 வட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது. அவற்றில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. 1956இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன் ஆகியோரைத் தொடர்ந்து, முப்பது வயது நிரம்பாத ஆர். பிரியா மூன்றாவது பெண் மேயராகப் பதவியேற்றார். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. தெருவில் வசிப்போரே நேரில் வந்து குறைகளைச் சொல்வதற்கான கூட்டம் இது. "இன்ன நாள் கூட்டம்" என்ற அறிவிப்பைப் படிக்காதவர் அங்கே இருக்க மாட்டார். இல்லாதவர் தெருவின் குறை பதிவேட்டில் ஏறாது.

மாநகராட்சிக்கான முறையீட்டுத் தொலைபேசி எண் 1913. ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் அதுவே. எனவே நினைவில் நிறுத்துவது எளிது. முறையிட்டபின் தரப்படும் பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் பயனில்லையெனில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

மாணவியர் செய்யத்தக்கவை

வாக்குரிமை பதினெட்டு வயதில் வரும். அதுவரை நாம் சும்மாயிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வீட்டில் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கலாம். படிக்கத் தெரியாத பாட்டிக்கும், பக்கத்து வீட்டு வேலைக்காரம்மாவுக்கும் நீர் நிறுத்தம், தடுப்பூசி முகாம் பற்றிய அறிவிப்புகளைப் படித்துச் சொல்லலாம். வகுப்பின் அறிவிப்புப் பலகையில் வாரம் ஒருமுறை அவற்றை ஒட்டலாம்.

மற்றுமொன்று. நம் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பார்ப்போம். அதில் நம் பெயர் இருக்கிறதா? பெயரிடும் முன்பே பிறப்பு பதியப்படுவதால் பலருடைய சான்றிதழில் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும். பதிவு செய்த ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம் என்பது விதி. இது குறித்த அறிவிப்பைக் கவனியாதவர்கள், பிற்காலத்தில் கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் அலைய நேரிடுகிறது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடத்தை எங்கே பிடிப்பது என்பதைச் சொல்வதே அந்தச் சிறிய எழுத்து அறிவிப்பு. அடுத்த முறை நாளேட்டின் மூலையில் அதைக் காணும்போது, தோழியரே, விளையாட்டுப் பக்கத்திற்குத் தாவுமுன் அரை நிமிடம் நின்று படியுங்கள். வீட்டிலுள்ளோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.