சிறுமூளை என்றொரு சாட்சி

“செயற்கை நுண்ணறிவைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒருநாள் அதற்குப் பிரக்ஞை வந்துவிடாதா?” வாசகர் ஒருவரின் கேள்வி.

2022 ஜூனில் கூகுள் பொறியாளர் பிளேக் லெமோய்ன், தாம் சோதித்துவந்த ‘லாம்டா’ என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு இருப்பதாக அறிவித்தார். நிறுவனம் மறுத்தது, மறுமாதம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஆனால், அந்த நம்பிக்கை நீங்கவில்லை. மனித மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி. ‘ஜிபிடி-3’ நிரலின் பாராமீட்டர்களோ (பயிற்சியில் திருத்தப்படும் எண்கள்) 17,500 கோடி. எண்ணிக்கை ஏறினால் பிரக்ஞை தானாக வந்துவிடும் என்கிறார்கள். இதை மறுக்கச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். நம் பிடரிக்குச் சற்று மேலேயே இருக்கிறது, சிறுமூளை.

எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால், நியூரான்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. சிந்தனையின் இருப்பிடமாக நாம் கொண்டாடும் பெருமூளைப் புறணிக்கு மிஞ்சுவது 1,600 கோடி. பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹவுசெல் குழு 2009இல் வெளியிட்ட கணக்கு இது.

சிறுமூளையின் அமைப்பைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். அங்குள்ள பர்கின்ஜி செல் என்னும் நியூரான் ஒவ்வொன்றும் தட்டையாகக் கிளை விரித்து நிற்கிறது. அந்தக் கிளைகளுக்குக் குறுக்கே லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் இணையாக ஓடுகின்றன. இவை தவிர, ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்று என்று தனி இழை ஒன்று கொடிபோல் ஏறிச் சுற்றிக்கொள்கிறது. கை குறி தவறினால் ‘தப்பு’ என்று சொல்வது இந்த ஏறு இழைதான் என்பது பரவலான கருத்து. அடுத்த முறை இணைப்புகள் சற்றே மாறி, கை சரியான இடத்துக்குப் போகிறது.

ஊர் டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் உள்ளே போகிறது, டீ வெளியே வருகிறது. “சர்க்கரை கம்மி!” என்று ஒரு குரல், மாஸ்டரின் அடுத்த டீ சரியாகிவிடுகிறது. இது சிறுமூளை. வாசல் பெஞ்சில் நடப்பது வேறு. ஒருவர் நாளிதழை வாசிக்க, இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் பழைய கதையை இழுக்க, பேச்சு முதல் ஆளிடமே திரும்பிவந்து அவர் கருத்தையும் மாற்றிவிடுகிறது. புறணியும் மூளையின் நடுவிலுள்ள தாலமஸும் இப்படித்தான் சேதியைத் திரும்பத் திரும்பப் பரிமாறிக்கொள்கின்றன. மாஸ்டர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் டீ கெடும், பெஞ்சுப் பேச்சு நிற்காது. ஆயிரம் மாஸ்டர்களை நிறுத்தினாலும் பெஞ்சு உருவாகாது.

மாஸ்டரே இல்லாத கடையும் இருந்திருக்கிறது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் தலைசுற்றலுக்காக மருத்துவமனைக்கு வந்த 24 வயதுப் பெண்ணுக்குப் பிறவியிலேயே சிறுமூளை இல்லை; அந்த இடத்தில் திரவம் நிரம்பியிருந்தது. நடை தள்ளாடியது, பேச்சு சற்றுக் குழறியது. பிரக்ஞைக்கு ஒரு குறையும் இல்லை. 2014இல் ‘பிரெய்ன்’ ஆய்விதழில் இந்தச் செய்தி வெளியானது.

வரலாறு சுருக்கமாக: சிறுமூளை பிழையிலிருந்து கற்கிறது என்ற கோட்பாட்டை டேவிட் மார் 1969லும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971லும் எழுதினார்கள். ஆல்பஸ் சிறுமூளையைப் பெர்செப்ட்ரானோடு ஒப்பிட்டார். இன்றைய செயற்கை நரம்பு வலைகளின் மூதாதை அதுதான்.

உரையாடல் நிரல்களும் பிழையைத் திருத்தித் திருத்தியே பயிற்சி பெறுகின்றன. ஒரு சொல்லைத் தர, சேதி அடுக்கடுக்காக ஒரே திசையில் போகிறது. வெளிவந்த சொல் மறுபடி உள்ளே போவது உண்மைதான். அதையே பெஞ்சுப் பேச்சு போன்ற சுழற்சியாகக் கருதலாம் என்று வாதிடுவோரும் உண்டு. சுழற்சி இருந்தால் மட்டும் போதுமா என்பதும் தீராத வழக்கு. பிரக்ஞை பற்றிய இரண்டு பெரிய கோட்பாடுகளை 256 பேரிடம் நேருக்கு நேர் சோதித்த ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இரண்டின் கணிப்புகளிலும் சில பொய்த்துப்போயின.

ஆக, பருமனை மட்டும் காட்டிப் பிரக்ஞையை வாக்களிப்பவர்களை நான் நம்பவில்லை. என் பயம் வேறு. சைக்கிளில் நாம் விழாமல் போவதற்குச் சிறுமூளை எதையும் உணர வேண்டியதில்லை. கடன் மனுவைத் தள்ளவும், தேர்வுத் தாளைத் திருத்தவும், ஆளில்லா விமானத்துக்கு இலக்குக் குறிக்கவும் இயந்திரத்துக்கும் உணர்வு தேவைப்படாது. அது விழித்துக்கொள்ளுமா என்று நாம் விவாதிக்கும் இதே நாட்களில்தான் இந்த வேலைகளெல்லாம் அதன் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.