ஆடம் குட்ஸ்: அன்று கைதட்டல், இன்று மன்னிப்பு

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றதும் நமக்கு டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கும் டெஸ்ட்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊர்க்காரர்களுக்கோ அது முதலில் ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து மைதானம். அணிக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து, இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாம், எறியக் கூடாது. முஷ்டியால் குத்தித்தான் கூட்டாளிக்குத் தர வேண்டும். இந்த ஆட்டத்தில் சிட்னி ஸ்வான்ஸ் அணியின் 37-ஆம் எண் சட்டையோடு 372 ஆட்டங்கள் ஆடி, 464 கோல் அடித்தவர் ஆடம் குட்ஸ்.

1980-இல் தென் ஆஸ்திரேலியாவின் வாலரூ என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் பூர்வகுடிப் பெண். அரசின் கொள்கைப்படி பெற்றோரிடமிருந்து பிடுங்கிச் செல்லப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். பையன் முதலில் ஆடியது சாக்கர். குடும்பம் விக்டோரியாவின் மெர்பைனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சாக்கருக்கு வழியில்லாததால் முட்டைப் பந்தைக் கையில் எடுத்தார். 1997-இல் கிளப்புகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, 42 பேர் போன பிறகுதான் இவர் பெயர் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஏறுமுகம். 1999-இல் சிறந்த புதுமுகம். 2003-இலும் 2006-இலும் பிரவுன்லோ பதக்கம், அதாவது அந்த ஆண்டின் ஆகச்சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம். 2005-இல் ஸ்வான்ஸ் 72 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வென்றபோது அணியில் இருந்தார். 2012 இறுதியாட்டத்தை அவருடைய ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. வெளியே போகாமல் நொண்டிக்கொண்டே ஆடி, கடைசிக் கால்பகுதியில் ஒரு கோலும் அடித்தார். ஹாதார்ன் அணியை ஸ்வான்ஸ் 10 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. எதிரணி ரசிகர்களும் மதித்த ஆள் அவர்.

அப்படிப்பட்டவரை எப்போது வெறுக்கத் தொடங்கினார்கள் என்பதற்குத் தேதியே சொல்லலாம். 2013 மே 24. பூர்வகுடி வீரர்களைக் கௌரவிக்கவென்றே ஒதுக்கப்பட்ட சுற்றின் முதல் ஆட்டம், அதே மெல்போர்ன் மைதானத்தில், கோலிங்வுட் அணிக்கு எதிராக. வேலியோரம் உட்கார்ந்திருந்த ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி அவரைப் பார்த்து "குரங்கு" என்று கத்தினாள். குட்ஸ் நின்றார். விரலை நீட்டிக் காவலர்களுக்குக் காட்டினார். மறுநாள் செய்தியாளர்களிடம் பேசும்போது, அந்தப் பெண்ணைக் குறைசொல்ல வேண்டாம், அவளுக்குத் துணையாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்து கோலிங்வுட் கிளப்பின் தலைவர் எட்டி மெக்வயர், கிங் காங் நாடகத்துக்கு விளம்பரம் செய்ய குட்ஸைக் கூப்பிடலாமே என்று வானொலியில் பேசிவைத்தார். சிறுமிக்காவது வயது ஒரு காரணம்.

2014-இல் 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' விருது கிடைத்தது. அந்த விருது தந்த மேடைகளில் அவர் இனவெறியைப் பற்றிப் பேசினார். மைதானத்தில் பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் ஊளைச் சத்தம் எழத் தொடங்கியது. அவர் ஆடும் விதம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார்கள் ஊளையிட்டவர்கள். பதினைந்து ஆண்டுகளாக அதே விதத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார். வாய் திறந்ததுதான் புதிது.

2015 மே மாதம், சிட்னி மைதானம், கார்ல்டன் அணியோடு ஆட்டம். கோல் அடித்த குட்ஸ் எதிரணி ரசிகர்களை நோக்கி நாலைந்து அடி ஆடிப் போனார். பூர்வகுடிச் சிறுவர் அணி ஒன்றிடம் கற்ற போர் நடனம் அது. ஈட்டி எறிந்து மிரட்டினார் என்று சில தொலைக்காட்சிக்காரர்கள் வாரக்கணக்கில் விவாதித்தார்கள். கையில் ஈட்டி ஏது? ஜூலையில் பெர்த் நகரில் ஊளை உச்சத்துக்குப் போக, அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. அன்று சிட்னியில், மூன்றாம் கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில், 37-ஆம் எண்ணை நினைத்து மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பிறகு வந்து சில ஆட்டங்கள் ஆடினார். செப்டம்பரில் விடைபெற்றார். ஓய்வு பெறும் வீரர்களை இறுதியாட்ட நாளன்று ஊர்வலமாக அழைத்துச் சுற்றிவருவது வழக்கம். அந்த மரியாதையை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறதா என்றால், நிர்வாகங்களின் போக்கில் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019 ஜூனில் ஃபூட்டி லீக்கும் அதன் 18 கிளப்புகளும் கூட்டாக அவரிடம் மன்னிப்புக் கேட்டன. நான்கு ஆண்டுத் தாமதம். அதுவும் அந்த ஊளைக் காலத்தைப் பற்றிய 'தி ஃபைனல் குவார்ட்டர்' ஆவணப்படம் வெளியாகும் நேரத்தில். கோலிங்வுட் கிளப்பின் இனவெறிப் பழக்கத்தை ஓர் அறிக்கை அம்பலப்படுத்தியதும் 2021 பிப்ரவரியில் மெக்வயர் பதவி விலகினார். அதே ஆண்டு ஜனவரியில் நம் முகமது சிராஜ் சிட்னி டெஸ்ட்டில் எல்லைக்கோட்டருகே வசை கேட்டு நடுவரிடம் முறையிட்டார். ஆட்டம் நின்றது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள், ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் மன்னிப்புக் கேட்டது. கூட்டத்தைக் கைகாட்டிய சிராஜை யாரும் 'அழுமூஞ்சி' என்று ஆண்டுக்கணக்கில் துரத்தவில்லை. அந்த அளவுக்கு மாற்றம்தான்.

குட்ஸின் வாழ்க்கை வேறு திசையில் போய்விட்டது. சக வீரர் மைக்கேல் ஓலாக்லினுடன் 2009-இல் தொடங்கிய 'கோ' அறக்கட்டளை, மழலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பூர்வகுடிப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. எல்லி லெயிங்குடன் சேர்ந்து, இந்த மண் யாருடையது என்று குழந்தைகளுக்குச் சொல்லும் படப் புத்தகங்கள் எழுதினார். 'சம்படீஸ் லேண்ட்' 2021-இல் வந்தது. ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக ஆட அவர் தேர்ந்தெடுத்தது சாக்கர்.

அதே 2021-இல் லீக் அவரைத் தன் புகழரங்கில் சேர்க்க விரும்பியது. ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆனதும், கிடைத்த முதல் வாய்ப்பிலேயே அழைப்பு. குட்ஸ் ஏற்கவில்லை. நன்றி கெட்டவர் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 372 ஆட்டங்களில் தர வேண்டியதையெல்லாம் தந்துவிட்டார். பாக்கி வைத்திருந்தது எதிர்ப்பக்கம்.

'தி ஃபைனல் குவார்ட்டர்' கிடைத்தால் பாருங்கள். புதிய பேட்டி ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் ஒளிபரப்பான காட்சிகளை மட்டுமே கோத்திருக்கிறார் இயக்குநர் இயன் டார்லிங். யார் என்ன பேசினார்கள் என்பதை அவரவர் வாயாலேயே கேட்டுவிட்டு, லீக்கின் அழைப்பை ஏற்று குட்ஸ் திரும்பி வந்திருக்க வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள்.