ஜீப் பின் கண்ணாடிக்கு தண்ணீர் வரலையா? மோட்டாரை மாத்தும் முன் டியூப்பை பாருங்க!

ஆழியாறில் இருந்து வால்பாறை செல்லும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எதிரே பஸ் வந்து விட்டால் சில இடங்களில் ஜீப்பை பின்னால் எடுத்துத்தான் வழிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து பின் கண்ணாடி முழுக்க சேறு அப்பியிருந்தால் டிரைவர் பாடு திண்டாட்டம்தான்.

ஜீப் மாதிரி வண்டிகளுக்கு பின்பக்கம் செங்குத்தாக இருக்கும். ஓடும்போது அங்கே காற்று சுழலும். சக்கரம் கிளப்பும் தூசியும் சேறும் அந்த சுழலில் சிக்கி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் பின்னாலும் வைப்பரும், தண்ணீர் பீய்ச்சும் நாசிலும் வைத்திருக்கிறார்கள்.

சத்தம் வருது, தண்ணி வரலை

சுவிட்சை அழுத்தினால் 'உய்ங்' என்று சத்தம் கேட்கும். கண்ணாடியில் சொட்டு தண்ணீர் விழாது. ஆனால் டிக்கியில் கிடக்கும் சாக்கு, துணியெல்லாம் நனைந்திருக்கும். உடனே "மோட்டார் போச்சு, மாத்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். டிரைவரும் ஆயிரக்கணக்கில் செலவு செய்து விடுவார்.

சத்தம் கேட்கிறது என்றால் பம்புக்கு கரண்ட் வருகிறது, அது சுற்றுகிறது என்று அர்த்தம். டேங்கில் தண்ணீர் இருந்தும் கண்ணாடிக்கு வரவில்லை என்றால் நாசில் அடைத்திருக்கும் அல்லது வழியில் எங்கோ ஒழுகும்.

எங்கே ஒழுகும்?

பல வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து பானெட்டுக்குள் ஒரே டேங்க்தான். அங்கிருந்து ஒரு மெல்லிய டியூப் வண்டி நீளத்துக்கும் ஓடி பின்கதவுக்கு போகிறது. பார்க்க வேண்டிய இடங்கள் 4:-

* டேங்கில் பம்ப் செருகியிருக்கும் இடத்து ரப்பர். இது காய்ந்தால் முன்னாலேயே தண்ணீர் சொட்டும்.

* வழியில் டியூப்பை இணைக்கும் ஜாயிண்ட்.

* பின்கதவு கீல் பக்கம் இருக்கும் ரப்பர் உறை. கதவை திறந்து மூடி மூடி உள்ளே டியூப் வெடித்து விடும். அடிக்கடி மாட்டும் இடம் இதுதான்.

* நாசிலின் பின்பக்கம். நாசில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் டியூப்பை கழற்றி விட்டுடும்.

சில வண்டிகளில் வைப்பர் மோட்டாரின் தண்டு வழியாகவே தண்ணீர் வரும். அதில் சீல் தேய்ந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். அப்படியே விட்டால் நிஜமாகவே மோட்டார் போய்விடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

டேங்கில் கலர் உள்ள வாஷர் திரவத்தை ஊற்றுங்கள். பின்கதவின் உள்பக்க அட்டையை கிளிப் உடையாமல் கழற்றி, அடியில் பழைய நியூஸ் பேப்பரை விரியுங்கள். ஒருவர் சுவிட்சை சில வினாடி மட்டும் அழுத்த, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். கலர் எங்கே தெரியுதோ அங்கேதான் ஓட்டை. டேங்க் காலியாக இருக்கும்போது பம்பை ஓட்டக்கூடாது.

சரி செய்வது எப்படி?

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை கழற்றி விடுங்கள். டியூப் நுனி வெடித்திருந்தால் அரை இஞ்ச் வெட்டி விட்டு, வெந்நீரில் முக்கி இளக்கி மறுபடி செருகினால் போதும். நடுவில் வெடித்திருந்தால் அந்த துண்டை வெட்டி எறிந்து விட்டு புது டியூப்பை ஜாயிண்ட் போட்டு இணைக்கலாம். ஒரு முழம் டியூப்புக்கு பெரிய செலவு ஆகாது. பசை போட்டு ஒட்டினால் அந்த இடம் விறைத்துப்போய் பக்கத்திலேயே வெடிக்கும்.

நாசிலை மெல்லிய ஊசியால் குத்தி சுத்தம் செய்யுங்கள். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரை டேங்கில் ஊற்றினால் மறுபடி அடைக்கும்.

கூரையில் ஏர்பேக் உள்ள வண்டியில் கூரைத்துணியை நீங்களாக பிரிக்காதீர்கள். மெக்கானிக்கிடம் விட்டு விடுவதே நல்லது.

ஒழுகுவதை அலட்சியம் செய்தால் கதவின் அடி துருப்பிடிக்கும், வயர் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி பியூஸ் போகும். எனவே அடுத்த முறை "மோட்டார் போச்சு" என்று யாராவது சொன்னால், "முதல்ல டியூப்பை பாருங்கண்ணே" என்று சொல்லுங்கள்.