ஒரு கன சென்டிமீட்டர் காற்று என்ன விலை?

வீட்டிலேயே சப்வூஃபர் செய்ய மலிவான ஊஃபர் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்டைத்தான். பார்க்கவேண்டியது, கோன் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதை. கோனின் பரப்பை, அது ஒரு பக்கம் நகரும் தூரத்தால் (எக்ஸ்-மேக்ஸ்) பெருக்கினால் விடை வந்துவிடும்.

8 அங்குல ஊஃபரின் கோன் பரப்பு சுமார் 215 சதுர செ.மீ. 4 மி.மீ. நகர்ந்தால் 86 கன செ.மீ. காற்று. 10 அங்குலத்துக்கு 340; 5 மி.மீ. நகர்ந்தால் 170. 12 அங்குலத்துக்கு 500. அதே 5 மி.மீ.க்கு 250. ஆக, ஒரு 12 அங்குலத்துக்கு ஈடாக மூன்று 8 அங்குலம் வாங்கவேண்டும். கடையில் சின்னதை 900 ரூபாய், பெரியதை 2,000 ரூபாய் என்று சொன்னால், கன செ.மீ. ஒன்றுக்குச் சின்னதில் பத்தரை ரூபாய் விழுகிறது, பெரியதில் 8 ரூபாய்தான். விலை அதிகமான ஊஃபர்தான் இங்கே மலிவு.

250 கன செ.மீ. காற்று, தரையில் வைத்த பெட்டியிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 40 ஹெர்ட்ஸில் சுமார் 100 டெசிபல் தரும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். பாட்டு கேட்க இது தாராளம். 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதே கோன் 88 டெசிபல்தான் தரும். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்று வேண்டும். குறைந்த பட்ஜெட்டில் 20 ஹெர்ட்ஸுக்கு ஆசைப்படவேண்டாம் என்பேன்.

அடுத்தது பெட்டி. ஊஃபரின் சில அளவுகளை வைத்துப் பெட்டியைக் கணக்கிடும் முறையை 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் தொடங்கினார்; அதை சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரிவாக்கினார். அந்த அளவுகள் அச்சிட்ட தாள் இல்லாத ஊஃபரை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு 12 அங்குலத்துக்கு எஃப்.எஸ். (கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 28 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் மொத்த அளவு) 0.45, வி.ஏ.எஸ். (கோனின் பிடிப்புக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவு) 90 லிட்டர் என்று இருக்கட்டும். மூடிய பெட்டியில் கியூ 0.707 வரவேண்டுமானால் உள்ளளவு 61 லிட்டர்; 44 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். உள்ளே 40×40×38 செ.மீ. வைத்தால் கணக்குச் சரி. ஊஃபரும் உள் சட்டங்களும் அடைக்கும் 3 லிட்டரைத் தனியாகச் சேர்க்கவேண்டும். 18 மி.மீ. பலகை 12 சதுர அடி ஆகும். சட்டமும் வெட்டுச் சேதாரமும் சேர்த்தால் 8×4 அடி ஷீட்டில் பாதி. எம்.டி.எஃப். என்றால் வெறும் பெட்டியே 15 கிலோவுக்குப் பக்கம்.

இதே ஊஃபரின் கியூ.இ.எஸ். (அந்த அடக்கத்தில் காந்தமும் காயிலும் தரும் பங்கின் அளவு) 0.5 என்றால், 40 ஹெர்ட்ஸில் கோன் தன் எல்லையைத் தொட சுமார் 45 வாட் போதும். 100 வாட் ஆம்ப் கைவசம் இருந்தால் வேறு தேடவேண்டாம். 1,000 வாட் ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசை இன்னொரு ஊஃபருக்கும் இன்னொரு அரை ஷீட்டுக்கும் கொடுங்கள்; 6 டெசிபல் கூடும்.

வாங்கும்போது இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து மெல்ல, சமமாக அழுத்துங்கள். உள்ளே காயில் உரசும் கரகரப்பு கேட்டால் எடுக்காதீர்கள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஊஃபர் 6 ஓம் அளவில் காட்டவேண்டும். ஓரத்தில் ஃபோமும் ரப்பரும் கிடைத்தால் ரப்பரையே எடுங்கள். ஈரமும் வெப்பமும் உள்ள ஊரில் ஃபோம் சில வருடங்களில் பொடியாக உதிர்ந்துவிடும்.