வக்கீல் டாக்டராகலாம், வரிசை தப்பாமல் இருந்தால்

பத்துப் பன்னிரண்டு வருடம் கோர்ட்டுக்குப் போய்வந்த ஒருவர் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த வயசுலயா?" என்பதுதான். உண்மையில் வயது இப்போது தடையே இல்லை. நீட் எழுதப் பொதுப்பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், 25-ஐத் தாண்டியவர்களையும் தற்காலிகமாகத் தேர்வெழுத அனுமதித்தது. 2022 மார்ச்சில் வரம்பே நீக்கப்பட்டது. 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பு மட்டும்தான் மிச்சம்.

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்துவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போனவர்களுக்கும் வழி உண்டு. பிளஸ் டூ முடித்தபிறகு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற வாரியம் ஒன்றில் கூடுதல் பாடமாகத் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

பலர் கோட்டை விடுவது பழைய தொழிலை முடித்துவைக்கும் இடத்தில்தான். சட்டம் தெரிந்தவர்களே இதில் அசட்டையாக இருப்பது விநோதம். "காலேஜ் ஒரு பக்கம், ரெண்டு மூணு கேஸ் ஒரு பக்கம்" என்ற கணக்கு நடக்காது. எம்.பி.பி.எஸ்.ஸில் வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வருகை கட்டாயம். வாய்தா இருக்கிறது என்று அனாடமி ஹாலில் லீவு கேட்க முடியாது. டாக்டரானபிறகும் இரண்டையும் சேர்த்து நடத்த இயலாது. டாக்டராகத் தொழில் செய்துகொண்டே வழக்கறிஞராகப் பதிவு கேட்ட மும்பை அறுவை மருத்துவர் ஒருவரின் வழக்கில், பார் கவுன்சில் மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே சீட் கிடைத்ததும் செய்ய வேண்டியது, மாநில பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் எழுதி, அசல் பதிவுச் சான்றிதழையும் இணைத்து, தொழிலைத் தாமாக நிறுத்திவைப்பது. இது ராஜினாமா அல்ல. பிற்பாடு மனசு மாறினால் பிரமாணப் பத்திரத்தோடு விண்ணப்பித்துத் திரும்ப வரலாம்.

கட்சிக்காரர்களை அம்போவென்று விடவும் கூடாது. தகுந்த காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் ஏற்ற வழக்கிலிருந்து விலகக் கூடாது என்பதும், வேலை செய்யாத பகுதிக்கான ஃபீஸைத் திருப்பித்தர வேண்டும் என்பதும் பார் கவுன்சில் விதி. சிவில் வழக்கில் நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் வக்காலத்து முடிவுக்கு வரும். பாக்கி ஃபீஸுக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியமோ, நீங்கள் தொழிலை விட்டபிறகும் ரகசியம்தான்.

அடுத்தது சீட். நீட்டில் சறுக்கிய முப்பத்தைந்து வயதுக்காரரைத் தேடி ஏஜென்ட் வருவான். கையில் காசு இருக்கும், காலம் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். மேனேஜ்மென்ட் சீட்டோ நிகர்நிலைப் பல்கலைக்கழக சீட்டோ, எல்லாமே நீட் மதிப்பெண்ணின்படி கவுன்சலிங் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. "உள்ளே ஆள் இருக்கு" என்பது முழுப் பொய். டொனேஷன் வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டவிரோதக் காரியத்துக்குக் கொடுத்த பணத்தை சிவில் கோர்ட்டில் மீட்பது எத்தனை கஷ்டம் என்பதை வக்கீலுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆன்லைனில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். 54 மாதங்களுக்குக் குறையாத, ஆங்கிலவழிப் படிப்பாக இருக்க வேண்டும். அதே கல்லூரியில் ஓராண்டுப் பயிற்சி, அந்த நாட்டிலேயே தொழில் செய்யப் பதிவுத் தகுதி இரண்டும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடைக்காது.

இனி வீடு. கோர்ட் அலைச்சல் இல்லாமல், ராத்திரி குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் எளிய வாழ்க்கைக்காகவே மருத்துவத்துக்கு மாற நினைப்பவர்கள் உண்டு. முப்பத்து மூன்றில் சேர்ந்தால் நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிய முப்பத்தெட்டு தாண்டிவிடும். அந்த ஐந்தரை வருடமும் வீட்டுக்கு அநேகமாக விருந்தாளிதான். மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம். என்னைக் கேட்டால், எளிய வாழ்க்கைதான் நோக்கம் என்றால் மேற்படிப்பு ஆசையை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது நல்லது. நேரம் வைத்து நடத்தும் ஒரு சின்ன கிளினிக்குக்கு எம்.பி.பி.எஸ். போதும்.

அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஃபீஸ். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். கல்விக் கடனில் மனைவியோ அப்பாவோ இணைந்து கையெழுத்திட்டால், முழுக் கடனுக்கும் அவர்களும் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்துக்கும் இதே கதிதான். ஃபீஸுக்காக மனைவியின் நகையை அடகுக்கடைக்கு எடுத்துப்போகும் முன் அவரிடம் கேட்டாக வேண்டும். சீதனம் மனைவியின் தனிச்சொத்து. நெருக்கடியில் கணவன் அதைப் பயன்படுத்தினாலும் திருப்பித்தரக் கடமைப்பட்டவன் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்திருக்கிறது. வக்கீலின் மனைவி இதைப் படித்தால் நல்லது.

கிளினிக் திறக்க மருத்துவ கவுன்சில் பதிவோடு, தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த இடத்துக்கும் பதிவு வேண்டும். இன்னொரு மாற்றமும் காத்திருக்கிறது. வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்கும் டாக்டரோ 1995 முதல் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறார். கருப்பு கோட்டு போட்டிருந்தவரை நுகர்வோர் ஆணையத்தில் கட்சிக்காரருக்காக வாதாடியிருப்பீர்கள். இனி எதிர்மனுதாரராகவும் நிற்க நேரலாம். வாசலில் போர்டு மாட்டுவதற்கு முன்பே தொழில்பொறுப்புக் காப்பீட்டு பாலிசி ஒன்றை எடுத்துவிடுங்கள். கேஸ் ஷீட்டைப் புரியும் கையெழுத்தில் எழுதுங்கள்.