பல்லின் கறையும் பார்வையின் கறையும்

கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்கள் பலவற்றின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அதைப் பருகி வளரும் குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் பருகினால் எலும்பும் நலியும். இத்தீங்கைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் அர்ப்பணிக்கப்பட்டது.

நோயை மருத்துவர் அறிவார். அதனால் விளையும் அவமானத்தை யார் அறிவார்? கறைபடிந்த பல்லைக் கண்டு, பெண் வேண்டாமெனத் திரும்பும் வீட்டார் நம்மிலும் உண்டல்லவா? குற்றம் நீருடையது; அவளுடையதன்று. பிறரைப் பரிகசிப்பதைத் திருமறையின் 49-ஆம் அத்தியாயம் தடுக்கிறது.

மறைந்த தாயாருக்காகச் செய்யத்தக்க சிறந்த தருமம் யாதென ஸஅது இப்னு உபாதா (ரலி) வினவ, நபிகள் நாயகம் (ஸல்) தண்ணீரைக் கூறினார்கள். ஸஅது கிணறு தோண்டினார்கள். நாமும் தோண்டுவோம், ஆனால் நீரைச் சோதித்த பின்னரே பருகத் தருவோம். பெண்ணின் பல்லைப் பார்க்குமுன் ஊரின் நீரைப் பார்ப்போமாக! ஆமீன்.